சத்தம் போன வண்டி

மதார் பாய்க்கு முப்பத்தொன்பது வயது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட சவரிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று.

குரு சீடனை "அண்ணே" என்பார். சீடன் குருவை "பாய்" என்பார். வத்தலக்குண்டு சாலையில் அந்த பைக் ஒர்க்‌ஷாப்பில் வந்து உட்காருகிறவர்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

சவரிமுத்து இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு கொஞ்ச காலம் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து கை மரத்துப்போகிறது என்று பாயிடம் வந்து நின்றார்.

"இந்த வயசுல எனக்கு இது வருமா, பாய்?"

"எனக்கும் அண்ணன்னு கூப்பிட ஆளில்லை. வாங்க."

அது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

பாய் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்விதான் கேட்பார். மற்ற கடைகளில் "வண்டிக்கு என்ன?" என்று கேட்பார்கள். பாய் "எப்ப?" என்பார்.

"ஏன் பாய், என்னன்னு கேக்க மாட்டீங்களா?" என்று சவரிமுத்து ஒருநாள் கேட்டார்.

"என்னன்னு தெரிஞ்சா அவரு எதுக்குண்ணே நம்மகிட்ட வர்றாரு? எப்பங்கிறது மட்டும்தான் அவருக்குத் தெரியும்."

மலையடிவாரத்தில் பாய்க்கு இன்னொரு சின்னக் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு ஷட்டர், முன்னால் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். வருகிற திங்கட்கிழமை முதல் அதைச் சவரிமுத்து தனியாகப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. அந்தக் கடை நல்லபடியாக அமைய வேண்டுமென்று அவர் மனைவி அருளாயி நவநாள் செபம் தொடங்கியிருந்தாள். புதன்கிழமையோடு ஆறு நாள்.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் சின்னக்காளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சின்னக்காளை மலைக் கிராமங்களுக்கு பன்னும் ரொட்டியும் கொண்டுபோகிறவர். பேக்கரியில் எடுத்து, இரண்டு பெட்டியில் அடுக்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு மலை ஏறுவார். பைக்குக்குப் பதினெட்டு வயது. செல்ப் ஸ்டார்ட் எல்லாம் கிடையாது, கிக்கர்தான்.

"பாய், இன்னைக்கு விட்டா நாளைக்கு எனக்கு லைன் கிடையாது. இன்னொரு தடவை சரக்கு திரும்பி வந்தா லோடு ஆட்டோக்காரனுக்குக் குடுத்துருவேன்னு பேக்கரிக்காரர் சொல்லிட்டாரு."

பாய் கையைத் துடைத்தார்.

"எப்ப?"

"விடிகாலையில ஒரே உதை, பாய். ராசா மாதிரி கிளம்பும். கொஞ்சம் ஓடி நிப்பாட்டினா அவ்வளவுதான். அப்புறம் நான் உதைக்கிறேன், அது கம்முனு கிடக்குது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு ரெண்டு வாரமா."

சவரிமுத்து அதற்குள் குனிந்துவிட்டார். பிளக்கைக் கழற்றினார், எஞ்சின் தலையில் ஒட்டிப் பிடித்து உதைத்தார். நீலமாகப் பொறி வந்தது. கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினார். பெட்ரோல் சுத்தமாக ஒழுகியது. ஏர் பில்டரை எடுத்துத் தட்டினார். அதிலும் குறையில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாய்."

பாய் வந்து, கிக்கரின் மேல் கால் வைத்தார். உதைக்கவில்லை. சும்மா அழுத்தினார். எதிர்ப்பே இல்லாமல் அது கீழே போனது.

"அண்ணே, பிளக்க மாட்டாதீங்க. சூடு படாம துணியச் சுத்தி, அந்த ஓட்டையில பெருவிரல வையுங்க."

சவரிமுத்து வைத்தார். பாய் உதைத்தார்.

நல்ல எஞ்சின் என்றால் உள்ளே அமுங்குகிற காற்று விரலைத் தூக்கி எறியும். இது தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனது.

சவரிமுத்து விரலை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். சின்னக்காளை வந்து, "மேஸ்திரி, எஞ்சின்ல டக்கு டக்குன்னு ஒரு சத்தம், பயமா இருக்கு" என்றார். வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பெட் தளர்ந்திருந்தது. சவரிமுத்து பாய் சொல்லிக் கொடுத்தபடி இடைவெளி பார்க்கிற அளவுத் தகடு வைத்துச் சரியாகத்தான் முடுக்கினார். சத்தம் முக்கால்வாசி போனது. "இன்னும் லேசா கேக்குதே, மேஸ்திரி" என்றார் சின்னக்காளை. சவரிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. மில்லில் ஒரு பேரிங் முனகினாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பான். முனகல் நிற்கும்வரை விடமாட்டான். அந்தப் பழக்கம். தகட்டை எடுத்து வைத்துவிட்டு இன்னும் ஒரு அரைக்கால் சுற்று முடுக்கினார். சத்தம் முழுசாக அடங்கியது. சின்னக்காளை அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போதும் சின்னக்காளைதான் பேசினார்.

"ஆனா ஒண்ணு பாய், மேஸ்திரி கைய வச்சதுல இருந்து சத்தம் சுத்தமாப் போச்சு. தைக்கிற மிஷின் மாதிரி ஓடுது. அந்தக் கை ராசிக்கு இதையும் அவரே பாத்துக் குடுக்கட்டும்."

பாய் சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க, பாய்."

"இருபத்தாறு வருஷம் மில்லுல இருந்தீங்களே. அந்த மில்லு சத்தமே இல்லாம இருந்தது எப்ப?"

சவரிமுத்துவின் கை நின்றது.

"மூடின அன்னைக்கு."

பாய் தலையை ஆட்டினார். சின்னக்காளையிடம் திரும்பினார்.

"எஞ்சினத் திறந்து பாக்கணும். சூடா இருக்கும்போது திறந்தா அளவு நிக்காது. முழுசா ஆறணும். மத்தியானம் ஆயிரும்."

"மத்தியானத்துக்கு நான் மேல்சோலையில இருக்கணும், பாய்!"

"அப்படின்னா அண்ணன் உங்ககூட வரட்டும். ரெண்டு பேரு மாத்தி மாத்தி உதைக்கலாம்."

உள்ளே போய், காக்கித் துணியில் சுருட்டிய ஒரு சின்ன மூட்டையைக் கொண்டுவந்து சவரிமுத்துவின் கையில் கொடுத்தார். அதில் ஒரு ஸ்பேனரும் ஒரு குறடும் அளவுத் தகடும் இருந்தன. திறந்து பார்க்காமலே சவரிமுத்துவுக்குத் தெரிந்தது.

*

சாலையில் தள்ளி வண்டியைக் கிளப்பினார்கள். பின்னால் கட்டியிருந்த பெட்டிகளில் ஒன்று சவரிமுத்துவின் மடிக்கு வந்தது. சூடான பன்னின் வாசனை. வழியெல்லாம் சின்னக்காளை பேசிக்கொண்டே வந்தார்.

"பெட்ரோல்ல ஏதோ கலப்படம், மேஸ்திரி. இல்லைன்னா நான் சுமை ஜாஸ்தி ஏத்துறேன். எம்மேலதான் தப்பு."

"அப்படியெல்லாம் இருக்காது, தம்பி."

"நீங்க நல்லவரு, அப்படித்தான் சொல்லுவீங்க."

முதல் ஊர் மூங்கில்பாறை. டீக்கடைக்கு ஐம்பது அடி முன்னாலேயே சின்னக்காளை வண்டியைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து இறக்கத்தில் நிறுத்தினார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மலை ஏறுகிறவர் கீழே பார்த்து வண்டியை நிறுத்துவதைச் சவரிமுத்து அன்றுதான் பார்த்தார்.

"இறக்கத்துல உருட்டிவிட்டா பிடிச்சுக்கும். அப்புறம் திருப்பிக்கலாம். இப்படித்தான் ரெண்டு வாரமா ஓடுது நம்ம பொழப்பு."

டீக்கடைப் பேச்சியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பன்னுக்காரரே, களவாணி மாதிரி வந்து நிக்கிறீரு? முன்னாடி மூணாவது வளைவு திரும்பும்போதே டக்கு டக்குன்னு கேக்கும். நான் பால அடுப்புல ஏத்திருவேன். இப்ப நீரு வந்து எம்முன்னால நின்னாத்தான் வந்ததே தெரியுது."

"அது நம்ம மேஸ்திரி வேலைக்கா. இந்தா, இவருதான். கைய வச்சாரு, சத்தம் ஓடியே போச்சு."

பேச்சியக்கா சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சத்தத்த நிப்பாட்டிப்புட்டீரு, சரி. வண்டியக் கிளப்ப வழி பண்ணுமய்யா. இந்த மனுசன் உதைக்கிறதப் பாத்து எனக்கே கால் வலிக்குது."

சொல்லிவிடலாம் என்று சவரிமுத்துவுக்கு வாய் வரை வந்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. மெழுகுவர்த்தி முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற அருளாயி நினைவுக்கு வந்தாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இரண்டாவது ஊர் தேன்குடிசை. அங்கே இறக்கம் கிடையாது. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பன் விற்று முடித்ததும் நாலு பேர் தாங்களாகவே வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

"நேத்து மேலத்தெரு தள்ளுச்சு. இன்னைக்குக் கீழத்தெரு முறை."

"ஏப்பா காளை, தள்ளுறதுக்கு ஆளுக்கு ஒரு பன்னு கூடப் போடுறது!"

"போடலாம் மாமா, கிளம்பட்டும்."

"கிளம்பிட்டா நீ எங்க நிக்கப் போற!"

எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து தள்ளினார். எண்பதடி தள்ளிய பிறகு எஞ்சின் பிடித்தது. அவருக்கு மூச்சு இரைத்தது. பக்கத்தில் தள்ளிய பெரியவர் அவர் முதுகைத் தடவி, "புதுசா வந்தவருக்குப் பழக்கமில்லை, பாவம்" என்றார்.

அப்போதும் சொல்லவில்லை.

மேல்சோலைக்கு ஒரு மைல் இருக்கும்போது ரோட்டை அடைத்துக்கொண்டு மாட்டுக்கூட்டம் வந்தது. சின்னக்காளை பிரேக் பிடித்து ஓரம் கட்டினார். எஞ்சின் இரண்டு முறை இருமி, நின்றது.

அந்த இடம் தட்டையாகக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் இறக்கமில்லை, தள்ள ஆளில்லை. மாடுகள் அவர்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

சின்னக்காளை "முருகா" என்று இருபது தடவை உதைத்தார். சவரிமுத்து "யேசுவே" என்று இருபது தடவை உதைத்தார். கிக்கர் காற்றில் கால் வைத்த மாதிரி போய்ப் போய் வந்தது. பிறகு ஒருமுறை அது சின்னக்காளையின் முழங்காலுக்குக் கீழே திருப்பி அடித்தது. அவர் வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். அந்த இடத்தில் ஏற்கெனவே கன்னிப்போன தழும்பு இருந்தது. அதன்மேல்தான் பட்டிருந்தது.

இருவரும் ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"விட்டுரலாம்னு தோணுது, மேஸ்திரி."

"எத?"

"இந்த லைன. பதினோரு வருஷமா ஏறுறேன். இப்ப வண்டியும் வேண்டாங்குது. நானும் எவ்வளவோ பாத்துட்டேன். வேற பங்க்குல பெட்ரோல் போட்டேன். சுமையக் குறைச்சேன். பழனியில மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன், எனக்கு மட்டுமில்ல, வீட்டுல எல்லாருக்கும். நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். என்னன்னுதான் தெரியலை."

சவரிமுத்து காக்கி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க தப்பு இல்லை."

"நீங்க சொல்லுவீங்க."

"பெட்ரோலும் இல்லை. சுமையும் இல்லை. நான்தான்."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். கூட வந்து தள்ளுறீங்க."

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. எஞ்சினுக்குள்ள கதவு மாதிரி ரெண்டு வால்வு இருக்கு. உதைக்கும்போது அது ரெண்டும் இறுக்கிச் சாத்தியிருக்கணும். சாத்தணும்னா அதுக்கு மேல இருக்கிற டேப்பெட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடம் விடணும். இடம் விட்டா லேசா டிக்கு டிக்குன்னு கேக்கும். கேக்கணும். அன்னைக்கு நீங்க 'இன்னும் கேக்குதே'ன்னீங்க. எனக்கு உங்க முன்னால நல்ல பேரு வாங்கணும்னு இருந்துச்சு. அந்த இடத்தையும் முடுக்கி அடைச்சுட்டேன். வண்டி சூடானா உள்ள இரும்பு நீளுது. கதவு சாத்த முடியாம திறந்தே நிக்குது."

சின்னக்காளை அவரையே பார்த்தார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலையில. விரல வச்சப்பவே."

"காலையிலயா? அப்ப மூங்கில்பாறையில அந்தக்கா முன்னால உங்களப் பத்திப் பேசினேனே?"

"கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

"தேன்குடிசையில கூடத் தள்ளினீங்களே?"

"ஆமா."

சின்னக்காளை எழுந்தார். இரண்டு அடி நடந்தார். திரும்பி வந்தார்.

"ரெண்டு வாரம்! ஒரு நாளைக்கு நூறு உதை! இந்தக் காலப் பாருங்க!"

"பாத்தேன், தம்பி."

"எம்பொண்டாட்டி முடியையும் சேத்துல்ல நேந்துக்கிட்டேன்! அதக் கேட்டதுல இருந்து அவ எங்கூடப் பேசலை! நீங்க முடுக்கினதுக்கு அவ மொட்டை போடணுமா?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாமலே கை அவர் தலையில் மிச்சமிருந்த நாலு முடியைத் தடவியது.

சின்னக்காளை அதைப் பார்த்தார். சிரிப்பு வந்தது போலிருந்தது. சிரிக்கவில்லை. பன் மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேல்சோலைப் பக்கம் நடந்துவிட்டார்.

*

சவரிமுத்து வண்டியோடு தனியாக இருந்தார்.

எஞ்சின் ஆற வேண்டும். மலைக்காற்று அடித்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்தார். அவசரம் பிடுங்கியது. காலையிலிருந்து செய்த எதையும்விட இந்தச் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. வாயில் 'அருள்நிறை மரியே' செபம் ஓடியது. பத்து முடிந்து, ஐம்பது முடிந்து, மறுபடி தொடங்கினார்.

மலையின் நிழல் ரோட்டைத் தாண்டி வந்த பிறகு புறங்கைக்கு எஞ்சின் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது.

மூட்டையை விரித்தார். பாய் ஸ்பேனரை வைக்குமுன் எப்போதும் பிஸ்மில்லா என்பார். மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு சவரிமுத்துவுக்கும் அதுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகு நினைவு வந்து சிலுவையும் போட்டுக்கொண்டார்.

மூடியைக் கழற்றினார். மேக்னெட் சக்கரத்தை மெல்லத் திருப்பி அளவுக்கோட்டில் நிறுத்தினார். டேப்பெட்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவே இல்லை. நட்டைத் தளர்த்தினார். தகட்டை நடுவில் விட்டு, முடுக்கி, இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் விட்டார். இப்போது அதிகமாக வழுக்கியது. மறுபடி முடுக்கினார். மூன்றாவது முறை தகடு விரலை லேசாகப் பிடித்து, பிறகு விட்டது. அப்படியே நட்டை இறுக்கினார். அடுத்த வால்வையும் அப்படியே பார்த்தார்.

உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது.

அதில் அவருக்குச் சந்தோஷமில்லை. ஆறிய வண்டி விடிகாலையிலும் இப்படித்தான் கிளம்பியது. ஏறி உட்கார்ந்து அந்தத் தட்டை ரோட்டில் போனார், வந்தார், போனார், வந்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை விடவில்லை. பிறகு நிறுத்தினார். சாவியைத் திருப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

காலைக் கிக்கரில் வைத்தார். அது காலை எதிர்த்தது. உள்ளே ஏதோ ஒன்று திமிறியது.

உதைத்தார்.

டிக் டிக் டிக் என்று வண்டி ஓடியது.

காலிப் பெட்டியோடு சின்னக்காளை வளைவில் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டு அங்கேயே நின்றார். பிறகு வேகமாக வந்தார்.

"பழைய சத்தம்."

"பழைய சத்தம் இதவிட ஜாஸ்தி. இது இருக்க வேண்டிய சத்தம். இனி நீங்களே கேட்டாலும் எடுக்க மாட்டேன், தம்பி."

சின்னக்காளை சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். உதைத்தார். கிளம்பியது. அணைத்தார். உதைத்தார். கிளம்பியது. மூன்றாவது முறை கையால் அழுத்திப் பார்த்தார். அதற்கே கிளம்பிவிடும் போலிருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியின் டேங்க்கைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏறுங்க" என்றார்.

*

சவரிமுத்து கடைக்கு வந்தபோது பாய் சோப்புத்தூளில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மாலைத் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. சவரிமுத்து காக்கி மூட்டையை மேசை மேல் வைத்தார்.

"முழுசா ஆறினதுக்கு அப்புறம்தானே திறந்தீங்க?"

"ஆமா, பாய்."

"சத்தம்?"

"வருது."

"சூட்டுல?"

"இறங்கி வர்ற வழியில ஏழு இடத்துல அணைச்சுப் பாத்தாரு. ஏழுலயும் ஒரே உதை."

"அல்ஹம்துலில்லாஹ்."

சவரிமுத்து நின்றுகொண்டே இருந்தார்.

"உட்காருங்கண்ணே."

"பாய், அன்னைக்கு நீங்க தொழுகைக்குப் போயிருந்தப்ப நான்தான் அத..."

"தெரியும்."

"காலையிலயேவா?"

"கிக்கர் கீழ போனப்பவே."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மறைச்சிருக்க மாட்டேன்."

"சொல்ல வேண்டியவரு பக்கத்துலயே நின்னாரு. அவரத் தாண்டி நான் எப்படிண்ணே சொல்றது?"

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

"அவருகிட்டச் சொல்லிட்டேன், பாய். ஆனா மூணாவது ஊருக்குப் போற வழியிலதான் சொன்னேன். ரெண்டு ஊர் தள்ளி வச்சேன். கடை போயிருமோன்னு பயம். இப்ப யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. அடிவாரக் கடைக்கு வேற ஆளப் பாருங்க. அருளாயிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பாய் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அவரு திட்டினாரா?"

"நல்லாத் திட்டினாரு. காலத் தூக்கிக் காட்டினாரு. அந்தத் தழும்பப் பாத்தா உங்களுக்கும் மனசு கேக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் பேசவே இல்லை. மலை இறங்கி முடியிற வரைக்கும் பேசலை."

"முடிஞ்சதும்?"

"முக்குல என்னை இறக்கிவிட்டாரு. போயிருவாருன்னு நெனச்சேன். போகலை. பின் பிரேக்கு இழுக்குது, பாக்கணும், திங்கட்கிழமை நீங்க எங்க இருப்பீங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல, பாய்? பாத்துச் சொல்றேன்னு வந்துட்டேன்."

பாய் துண்டை ஆணியில் மாட்டினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பிப் பார்த்தார்.

"உங்க கை பண்ணின தப்பு முழுசாத் தெரிஞ்ச வாடிக்கைக்காரரு இந்த உலகத்துலயே அவரு ஒருத்தருதான். அவரு தன் பிரேக்க உங்களத் தேடி வந்து குடுக்கிறேங்கிறாரு. நான் யாருண்ணே நடுவுல? அவரு தூங்கிறதுக்குள்ள போனைப் போட்டு, அடிவாரத்துலதான் இருப்பேன்னு சொல்லிருங்க."